மைசூரே மலிவு என்று நான் நிரூபித்த கதை

எனக்கு லேசில் கோபம் வராது. பேராசையும் அவ்வளவாகக் கிடையாது. பொறாமை மட்டும் உண்டு. அதுவும் ஊரில் எல்லார் மேலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் நானே பின்னால் நின்று கையைக் காட்டி ரிவர்ஸ் எடுக்க உதவுவேன். என் பொறாமை முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஒரு மனிதனுக்காக வைத்திருக்கிறேன். அவன் பெயர் வினோத். என் மனைவி ரீட்டாவின் தங்கை ஷீலாவைக் கட்டியவன். அதாவது என் சகலை.

அண்ணன் தம்பி என்றால் சின்ன வயதிலேயே உருண்டு புரண்டு அடித்துக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம். சகலை அப்படியில்லை. மீசையெல்லாம் முளைத்து, ஓரளவு மரியாதையும் சேர்ந்தபிறகு, திடீரென்று ஒரு கல்யாண ஃபோட்டோவில் பக்கத்தில் வந்து நிற்பான். அன்றிலிருந்து ஆயுள் முழுக்க இரண்டு பேரையும் அப்படியே பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் அளப்பார்கள்.

வினோத் வருவதற்கு முன்னால் மூன்று வருடம் நான்தான் அந்தக் குடும்பத்தின் ஒரே மருமகன். மைசூர் மண்டி மொஹல்லாவில், ஸ்கூட்டரும் தள்ளுவண்டியும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கவேண்டிய சந்தில், மாமனார் வீடு. என் ஸ்கூட்டர் சத்தம் சந்து முனையில் கேட்டதும் மாமியார் மீனைச் சட்டியில் போடுவார். நான் உள்ளே போய் உட்காரவும் தட்டில் மீன் விழவும் சரியாக இருக்கும். அந்தக் காலம் அது.

பிறகு வினோத் வந்தான். கோலார் தங்கவயல்காரன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. தலையில் முடி, அதுவும் தேவைக்கு மேல். கோயிலில் (எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்) பாடகர் குழுவில் பாடினான் என்றால் முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். (தட்டைக் கழுவலாம் என்கிற விஷயமே அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு நிச்சயமாகத் தோன்றவில்லை.) முதல் கிறிஸ்துமஸுக்கு மாமனாருக்கு அரைச் சுவரை அடைக்கிற டிவி வாங்கிக் கொடுத்தான். நான் கொடுத்த சார்ஜ் டார்ச் லைட் அதன் அடியில் ஓர் ஆணியில் தொங்கியது.

இதில் என்னால் தாங்கவே முடியாத விஷயம், அவன் நல்லவன். கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அண்ணா, அண்ணா என்று செருப்பு வாங்குவதற்குக்கூட என்னிடம் யோசனை கேட்பான். கேட்டுவிட்டு என்னுடையதைவிட நல்ல செருப்பாக வாங்குவான். எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அவன் பெங்களூரில் இருந்தது. நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணம், மண்டியா என்று நிறைய ஊர்கள் கிடந்தன. அத்தனை ஊர்களுக்கும் நான் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கதையில் ஒரு வீடு வருகிறது. அதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

நாங்கள் குவெம்புநகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு. கீழே உரிமையாளர், ரிட்டயர்டு கன்னட வாத்தியார். தெருவே அவரை மேஷ்ட்ரு என்றுதான் கூப்பிடும். மாடி வாடகைக்கு. அந்த மாடியில் மூலையை வளைத்துக்கொண்டு ஒரு பால்கனி. அங்கே நின்றால் சாமுண்டி மலை முழுதாகத் தெரியும், ராத்திரியானால் மலைமேல் ஏறுகிற விளக்கு வரிசையும் தெரியும். ரீட்டா நர்ஸ். டியூட்டி முடிந்து வரும்போது அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். "அங்க ஒரு சேர் போட்டு உக்காந்து கால நீட்டிக்கணும், அவ்ளோதான்" என்பாள். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை. இந்தச் சேரைத்தான் கேட்டாள்.

அந்த வீட்டுக்காக நான் இரண்டு வருடம் காலை நடைப்பயிற்சி செய்தேன். நடப்பதில் எனக்கு விருப்பமே கிடையாது. மேஷ்ட்ரு கேட்டருகே நின்று செடிக்குத் தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து வணக்கம் வைப்பேன். அவருடைய முழங்கால் வலி, அமெரிக்காவில் இருக்கிற மகன், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கன்னடம் எல்லாவற்றையும் கேட்பேன். கடைசியில் மாடியில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். மேஷ்ட்ரு போர்டு மாட்டுகிற ஆள் இல்லை, தெரிந்த மனுஷர் யாராவது சொன்னால்தான் வீடு கொடுப்பார். என்னைக் கூப்பிட்டு வாடகையைச் சொன்னார். நியாயமான வாடகைதான். வேறு யாராவது என்றால் உடனே சரி என்று சொல்லி அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.

நான் ஒரு கல்லூரியில் கணக்குப் பிரிவில் இருப்பவன். நியாயமான தொகையைப் பார்த்தால் குறைக்கத் தோன்றும். ஆஷாடம் பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. நம் ஊர் ஆடி மாதிரி இங்கே ஆஷாடம். கல்யாணம் கிடையாது, புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள், யாரும் வீடு மாறமாட்டார்கள். வீடு ஒரு மாதம் சும்மா பூட்டிக் கிடக்கும், மேஷ்ட்ருவுக்கு மனம் இளகும், வாடகை இறங்கும் என்று கணக்குப் போட்டேன். அவரிடமே பக்குவமாகச் சொல்லிவைத்தேன். "ஆஷாடத்துல யார் சார் வரப்போறாங்க? நானும் அது முடிஞ்சுதான் வரணும். கொஞ்சம் கொறச்சுக்கோங்க." அவர், பார்க்கலாம் என்றார். ரீட்டா, நமக்கு ஏது ஆஷாடம், பேசாமல் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். வியாபாரம் உனக்குத் தெரியாது என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் வினோத்துக்குப் பதவி உயர்வு வந்தது. ரீட்டா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, ஏதோ மழை பெய்கிறது என்பதுபோல அவனுடைய புதுச் சம்பளத்தைச் சொன்னாள். எனக்குக் காதுக்குப் பின்னால் சூடாக என்னவோ ஏறியது. சந்தோஷம் என்றேன். இரண்டு சப்பாத்தி குறைவாகச் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குடிபோகிறவர்களுக்காக இணையதளங்கள் இருக்கின்றன. இரண்டு ஊர்ப் பெயரையும் சம்பளத்தையும் கொடுத்தால், இங்கே இவ்வளவு வாங்குகிறவன் அங்கே போய் இதே மாதிரி வாழ எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடும். மைசூர், பெங்களூர், என் சம்பளம் மூன்றையும் கொடுத்தேன். என் சம்பளம் பெங்களூரில் நன்றாகவே வீங்கியது. ஆனாலும் வினோத்தைத் தொடவில்லை. இந்த இணையதளத்துக்குப் பெங்களூரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று தீர்மானித்து நானே களத்தில் இறங்கினேன்.

தண்ணீர் லாரிக்குக் கொடுப்பதை அவன் பக்கம் சேர்த்தேன். பத்து மாத அட்வான்ஸ் சும்மா முடங்கிக் கிடப்பதற்கு வட்டி போட்டேன். சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு விலை போட்டேன். அவனுக்குச் சம்பளம் அதிகம் என்பதால் அவன் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் என்னுடைய நிமிடத்தைவிட விலை உயர்ந்தது. ஆக அவனுடைய சம்பளத்தை வைத்தே அவனை ஏழையாக்கினேன். என் பக்கம் வரவுகளைச் சேர்த்தேன். ஞாயிறு சாயங்காலம் அரண்மனை விளக்கைச் சும்மா பார்க்கிறோம், அது ஒரு வரவு. குக்கரஹள்ளி ஏரிக்கரைக் காற்று ஒரு வரவு. மாமனார் வீடு பக்கத்திலேயே இருப்பதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரீட்டா வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள். வரவில் எழுதினேன்.

இப்படியே மூன்று நான்கு நாள் உழைத்ததில் வினோத்தைவிட நான் பணக்காரன் ஆகிவிட்டேன். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு ஏன் இன்னும் பழைய ஸ்கூட்டரையே உதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குப் பிறந்தநாள். மண்டி மொஹல்லா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பிரியாணி முடிந்து, பாயசம் வருவதற்கு முன்னால் வினோத்தின் பதவி உயர்வுக்காக எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்ததும் பென்டிரைவை எடுத்து, அவன் வாங்கிக்கொடுத்த டிவியிலேயே சொருகினேன்.

ஒரு மணி நேரம் பேசினேன். மாமனார் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், பாதியில் தூங்கிப்போனார். ஆனால் வினோத் தூங்கவில்லை. கன்னத்தில் கைவைத்து, முகம் வாடவாடப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் கூடியது. கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம் வைத்திருந்தேன். மேஷ்ட்ரு வீட்டு மாடி. தெருவில் நின்று நானே எடுத்தது, மூலைப் பால்கனியும் பின்னால் மலையும் சேர்ந்து விழுகிற மாதிரி.

"இந்த வாடகைக்கு பெங்களூர்ல என்ன கெடைக்கும்? கார் நிறுத்த எடம்கூடக் கெடைக்காது" என்றேன்.

ரீட்டா இருமினாள். மறுபடி இருமினாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணா, இது எந்த ரோடுண்ணா?" என்றான் வினோத். குரல் இறங்கியிருந்தது. தோற்றவனிடம் தாராளமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தெருவைச் சொன்னேன், முனையில் உள்ள பேக்கரியைச் சொன்னேன், உரிமையாளர் கீழேயே இருக்கிறார், புரோக்கர் கிடையாது, நல்ல மனுஷர் என்றும் சொன்னேன். மொத்தத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அன்றைக்கு இரண்டு கிண்ணம் பாயசம் சாப்பிட்டேன்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். ஆஷாடம் பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்து, ஜனங்களுக்கு இன்னும் ஆஷாடத்தில் நம்பிக்கை இருக்கிறது என்று மகிழ்ந்தேன். மேஷ்ட்ரு இளகுவதற்காகக் காத்திருந்தேன். நடைப்பயிற்சிக்குக்கூடப் போகவில்லை. பழகினால் விலை ஏறும்.

அப்புறம் அந்த ஞாயிறு. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். நான், ரீட்டா, மாமனார், மாமியார். முதல்நாளே பெங்களூரிலிருந்து வந்திருந்த வினோத்தும் ஷீலாவும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் ஃபோன் அடித்தது. மேஷ்ட்ரு. இளகிவிட்டார் என்று எடுத்தேன். என் ஃபோனில் காதில் வைத்தால் சத்தம் வராது, ஸ்பீக்கரில்தான் பேசமுடியும். (ரிப்பேருக்குக் கேட்ட கூலி அதிகம் என்று விட்டுவைத்திருந்தேன்.) அவர் கன்னடத்தில் பேசினார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தமிழைவிடக் கன்னடம் நன்றாகவே புரியும்.

வினோத் என்று ஒருத்தர் நேற்று வந்து வீட்டைப் பார்த்தார், உங்கள் சகலை என்றார், உங்கள் பெயரைச் சொன்னதால்தான் கதவையே திறந்தேன், ஆள் எப்படி என்று கேட்டார். மரத்தடியில் நின்ற அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. மாமியார் புன்னகையோடு காத்திருந்தார்.

"ரொம்ப நல்லவர் சார்" என்றேன்.

சத்தம் கித்தம் உண்டா என்றார். இல்லை என்றேன். வாடகை நேரத்துக்கு வருமா என்றார். நேரத்துக்கு முன்னாலேயே வரும் என்றேன். சுத்தமாக வைத்துக்கொள்வாரா என்றார். தட்டையெல்லாம் தானே கழுவுவார் என்று என் வாயாலேயே சொன்னேன். இத்தனை வருடமாக நான் உள்ளே வைத்துப் பூட்டியிருந்த அவனுடைய நற்குணங்கள் ஒவ்வொன்றும் கோயில் வாசலில் ஸ்பீக்கரில் வெளியே வந்தன. வினோத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மேஷ்ட்ரு அதோடு ஃபோனை வைத்திருக்கலாம். "அவர் வாடகையில ஒரு பைசா கொறைக்கச் சொல்லல. நாளைக்கே வர்றேங்கிறார். ஏன் ஸ்டீபன், ஆஷாடத்துல வர முடியாதுன்னு நீங்க சொன்னீங்களே, அது உங்க ஜனங்கள்ல உண்டா இல்லையா?" என்று கேட்டார்.

மாமனார் சபை மூப்பர். பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "மாப்ளே, உங்களுக்கு எப்பத்துலருந்து ஆஷாடம்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வினோத்தே விளக்கினான். அவன் ஆபீஸில் எங்கே இருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மாதத்தில் ஓரிரு நாள் போய்த் தலையைக் காட்டினால் போதும். சம்பளம் அதே சம்பளம். நான் போட்டுக் காட்டிய கணக்கைப் பார்த்ததிலிருந்து அவனுக்கும் ஷீலாவுக்கும் பெங்களூரில் தூக்கமே வரவில்லையாம். பெங்களூர்ச் சம்பளம், மைசூர்ச் செலவு. இந்த இரண்டையும் ஒருவனே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கில் எந்த மூலையிலும் இல்லை. அவ்வளவு நாள் உழைத்து, அவன் எவ்வளவு பணக்காரனாக முடியும் என்பதை அவனுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இப்போதும் ஒரு வழி இருந்தது. அதையும் வினோத்தே திறந்துவிட்டான். மேஷ்ட்ரு சொன்னதை அவன் கவனித்திருக்கிறான்.

"அண்ணா, நீங்க உங்களுக்காக கேட்டு வெச்சிருந்தீங்களா? அப்படின்னா சொல்லிடுங்கண்ணா. நாங்க வேற பாத்துக்கறோம், ஒண்ணும் பேஜாரில்ல."

ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு எனக்கு. ரீட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். வினோத் விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன் என்று ஆகிவிடுமே. அவனுடைய நல்ல குணப் பட்டியலில் இது வேறு சேருமே. என் வயிற்றுக்குள் இருந்த அத்தனை பொறாமையும் எழுந்து வந்து என் நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"எனக்கா? சேச்சே. உங்களுக்காகத்தான் ரெண்டு வருஷமா சொல்லி வெச்சிருந்தேன்."

ஷீலா, பாவா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். (மைசூரில் எங்களுக்கு அத்தான், மாமா எல்லாம் கிடையாது, பாவாதான்.) மாமியார் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ரீட்டா ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீடு பிரேக்கர்களில்கூடப் பிடிக்கவில்லை.

ஆஷாடம் முடிவதற்குள் அவர்கள் குடி வந்துவிட்டார்கள். சாமான் இறக்க நான் லீவு போட்டேன், வேறு வழியில்லை. பால்கனிக்கு இரண்டு மூங்கில் சேர் வந்து இறங்கின. அவற்றையும் நான்தான் மாடிக்குத் தூக்கினேன்.

வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தார்கள். எங்கள் பாஸ்டர் ஜெபத்தில் யாரையும் விடமாட்டார். வீட்டுக்காக, மேஷ்ட்ருவுக்காக, வினோத்தின் ஆபீசுக்காக எல்லாம் நன்றி சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தனக்கென்று எண்ணாமல், தன் சகோதரனுக்காக இரண்டு வருஷம் காலைதோறும் நடந்து இந்த வீட்டைத் தேடிக்கொடுத்த ஸ்டீபனுக்காக ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. ரீட்டா. மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசாதவள், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுகிறாள் என்று பாஸ்டர் நினைத்து என்னை இன்னும் கொஞ்சம் புகழ்ந்தார். அவளால் அதற்குமேல் முடியவில்லை, எழுந்து சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே ஷீலா ஓடினாள். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் ஹாலுக்கு வந்துவிட்டது. ரீட்டா ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், உண்மை அப்படித்தான் வெளியே வந்தது.

வினோத் பதறிப்போனான். இப்போதே காலி செய்கிறேன் அண்ணா என்றான். செய்திருப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான். நான்தான் மறுபடியும் சேச்சே என்றேன். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அடுத்த தெருவில் என்ன வாடகை போகிறது என்று தெரிந்துகொண்டு எங்கள் வீட்டுக்காரரும் வாடகையை ஏற்றிவிட்டார். ரீட்டா டியூட்டி முடிந்து நேராக அந்தப் பால்கனிக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவளைக் கூப்பிட நான் போனால் வினோத் எனக்கும் காபி கொண்டுவந்து வைப்பான். நல்ல காபி. மலையைப் பார்த்துக்கொண்டே குடிப்பேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். குடித்துவிட்டு இறங்கி வந்து எங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் இப்போது மண்டி மொஹல்லாவில் இல்லை, வினோத் வீட்டில்தான். சாப்பாட்டுக்கு முன்னால் மாமனார் ஜெபம் செய்வார். உணவுக்காக, சுகத்துக்காக எல்லாம் முடித்துவிட்டு, ஒரு வாரம்கூடத் தவறாமல், "தனக்கென்று எண்ணாமல் இந்த வீட்டைக் காட்டிக்கொடுத்த எங்கள் மூத்த மருமகனுக்காகவும்" என்று சொல்லி நிறுத்துவார். அந்த இடத்தில் ஆமென் நான்தான் சொல்லவேண்டும் என்பது குடும்பச் சட்டம். நான் சொல்கிறவரை யாரும் கண்ணைத் திறக்கமாட்டார்கள். நான் மட்டும் திறந்து பார்ப்பேன். மாமியாரின் தோள் குலுங்கும், வினோத் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பான். பால்கனிக் கதவு திறந்திருக்கும். மலை தெரியும். நடுவில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும். பொறாமை இருக்கிறதுதான், ஆனால் அந்த நேரத்தில் பசியும் இருக்கிறது. ஆமென் சொல்லிவிடுகிறேன்.